மீதி விழாத வகுப்பு

தமிழில் ‘வகுப்பு’ என்ற சொல் இரண்டு வேஷம் போடுகிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து பாடம் கேட்கும் இடத்துக்கும் வகுப்பு என்று பெயர். ஜாதி என்றும் மதம் என்றும் ஜனங்களைப் பிரித்து வைக்கும் பிரிவுக்கும் வகுப்பு என்றே பெயர். சேர்த்து வைப்பதற்கும் பிரித்து வைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் காலந்தள்ளி வருகிறோம்! கணக்கு உபாத்தியாயரைக் கேட்டால், வகுத்தால் சில சமயம் மீதி விழும் என்பார். பள்ளிக்கூடத்து வகுப்பிலும் மீதி விழுவதுண்டு. எண்ணாக இருந்தால் அந்த மீதியைப் பக்கத்தில் எழுதிவிட்டு மேலே போகலாம். அது பதினோரு வயதுப் பிள்ளையாக அல்லவா இருக்கிறது?

அந்த மீதிப் பிள்ளைகளைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களுடன் சற்றுப் பேச விரும்புகிறோம்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

குடியாத்தத்தை எடுத்துக்கொள்வோம். கவுண்டின்ய ஆற்றங்கரையில், ஆந்திர எல்லைக்கு அருகே இருக்கும் ஊர். கைத்தறி லுங்கிக்கும் தீப்பெட்டிக்கும் பீடிக்கும் பேர்போனது. பக்கத்திலே பேரணாம்பட்டும், இன்னும் சிறிது தூரத்தில் ஆம்பூரும் வாணியம்பாடியும் தோல் பதனிடுவதில் பெயர் பெற்ற ஊர்கள். தமிழ், தெலுங்கு, உருது ஆகிய மூன்று பாஷைகளும் இந்தப் பிரதேசத்துக் கடைத்தெருக்களில் சகஜமாகக் காதில் விழும். ஆகவே, இங்கே ஒரு நடுநிலைப் பள்ளி வகுப்பறை என்றால், நெசவாளி வீட்டுப் பிள்ளை, பீடி சுற்றும் வீட்டுப் பெண், தோல் வேலைக்காரர் மகன், கடைக்காரர் மகள் ஆகிய எல்லோரும் கூடும் சிறு சந்தை என்றே சொல்லலாம்.

ஐந்தாம் வகுப்பு வரையில் பிள்ளை தன் தெருவுக்கு அருகிலுள்ள ஆரம்பப் பள்ளியில் படிக்கிறது. ஒரே உபாத்தியாயினி காலை முதல் மாலை வரையில் இருக்கிறார். அந்த அம்மாளுக்குப் பிள்ளையின் பெயர் தெரியும். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பதும் தெரியும். ஆறாவது வந்ததும் நிலைமை தலைகீழாகிறது. பலருக்குப் பள்ளிக்கூடமே புதிது. மணிக்கு மணி உபாத்தியாயர் மாறுகிறார். பல ஆரம்பப் பள்ளிகளிலிருந்து வந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கிறார்கள். எல்லாருக்கும் பாடம் சொல்ல ஆள் இருக்கிறது. ‘என்னைத் தெரிந்தவர்’ என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து வீட்டிலுள்ள வேலை கையை நீட்டி அழைக்கிறது. தறிக்குத் தார் சுற்ற ஒரு கை வேண்டியிருக்கிறது. சுற்றிய பீடியின் முனையை மடித்து மூடச் சின்ன விரல்கள் வேண்டியிருக்கின்றன. வடாற்காடு ஜில்லாவின் பீடித் தொழிலில், பெற்றோர் வாங்கிய கடனுக்காகப் பிள்ளைகள் அடகு போன கதை 1990-களில் உலக அளவில் வெளிவந்து, நாம் தலைகுனியும்படி செய்தது. பின்னர் சர்க்காரும் தொண்டர்களும் எவ்வளவோ பாடுபட்டார்கள். 2010-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 வயது முதல் 14 வயது வரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியது. ஆனால் சட்டம் பிள்ளையைப் பள்ளி வாசல் வரையில்தான் அழைத்து வரும். உள்ளே மனம் பொருந்தி உட்கார வைப்பது சட்டத்தால் ஆகிற காரியம் அல்ல. பிள்ளையின் மனத்திலே ஒரு தராசு இருக்கிறது. ‘வீட்டிலே நான் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும். பள்ளியிலே நான் இல்லாவிட்டால் என்ன நின்றுபோகும்?’ என்று அது நிறுத்துப் பார்க்கிறது. ‘ஒன்றும் நிற்காது’ என்று அதற்குத் தோன்றினால், அந்தப் பிள்ளையை நாம் பாதி இழந்துவிட்டோம்.

முதல் மந்திரிக்கு இடம் கொடுத்த ஊர்

இந்த விஷயத்தைப் பற்றிப் பேசக் குடியாத்தத்துக்கு ஒரு தனி யோக்கியதை உண்டு. 1954-ம் வருஷம் ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் சென்னை ராஜ்யத்தின் முதல் மந்திரியானார். அப்போது அவர் பார்லிமெண்டு அங்கத்தினர். சட்டசபையில் அவருக்கு இடம் இல்லை. விருதுநகர்க்காரரான அவருக்கு அந்த வருஷம் இடம் கொடுத்த ஊர் குடியாத்தம். அங்கே நடந்த இடைத் தேர்தலில் பெரியாரும் அவரை ஆதரித்தார், தி.மு. கழகமும் ஆதரித்தது. அவர் ஜெயித்துச் சட்டசபைக்குள் போனார்.

போனவர் யார்? தந்தையை இளமையிலேயே இழந்து, ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குத் தலைமுழுகிய பிள்ளை. எந்தப் படிக்கட்டில் இன்றைய பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்களோ, அதே படிக்கட்டில் விழுந்து எழுந்தவர். 1953-ல் ராஜாஜி சர்க்கார் கிராமப் பகுதி ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு திட்டம் கொண்டுவந்திருந்தது. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்பது ஏற்பாடு. நாட்டில் அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. காமராஜர் பதவிக்கு வந்த வருஷத்திலேயே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பகல் உணவுத் திட்டம் ஆரம்பமாயிற்று. கல்வி இலாகாவின் தலைவராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் ஜனங்களைத் திரட்டினார். உணவுச் செலவில் ஒரு பங்கை ஊர்க்காரர்களே ஏற்றார்கள். பின்னர் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஒரே மாதிரி உடையும் வந்தது.

சோற்றையும் துணியையும் வெறும் தர்மமாக நாம் நினைக்கக் கூடாது. கிழிந்த சட்டையைக் கண்டு பக்கத்துப் பையன் சிரிக்கும் இடத்தில் எந்தப் பிள்ளையும் நிலைக்காது. காலியான வயிற்றோடு, மற்றவர்கள் டிபன் டப்பாவைத் திறப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த அறை அந்நிய தேசம். 1982-ல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022-ம் வருஷம் செப்டம்பர் 15-ந் தேதி மதுரையில், ஒன்று முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்து வைக்கப்பட்ட காலைச் சிற்றுண்டியும் அதே வழியில் வந்தவை.

பந்தியும் பெஞ்சும்

ஆனால் சோறு போட்டால் மட்டும் போதாது, எப்படிப் போடுகிறோம் என்பதும் முக்கியம் என்ற பாடத்தைத் தமிழ்நாடு முன்னமே படித்திருக்கிறது. வ.வெ.சு. ஐயர் 1922-ல் சேரன்மாதேவியில் நிறுவிய குருகுலம் தேசியக் கல்விக்காகத் தோன்றிய ஸ்தாபனம். அதை நடத்தியவரோ தேசத்துக்காக உயிரையும் பொருட்படுத்தாத வீரர். ஆயினும் அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு நடந்தது. அந்தச் செய்தி வெளியானதும் பெரியாரும் டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் போர்க்கொடி உயர்த்தினார்கள். 1925-ல் தமிழ்நாட்டுக் காங்கிரஸே அதனால் கலகலத்தது. இரண்டு இலைகளைத் தள்ளிப் போட்டதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று அன்று கேட்டவர்களும் உண்டு. அந்த இரண்டு இலைகள் மற்ற பிள்ளைகளிடம் பேசாமல் பேசிய சேதியைத்தான் அவர்கள் கவனிக்கவில்லை.

தள்ளிப்போட்ட இலை இன்று பெஞ்சாக உருமாறியிருக்கிறது. ‘மாப்பிள்ளை பெஞ்சு’ என்று கடைசி வரிசைக்கு நாம் வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறோம். அங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை மரியாதை நடப்பதில்லை என்பது நேயர்களுக்குத் தெரியும். யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று ஒரு நாள் கூர்ந்து பார்த்தால், ஊரின் தெருக்கள் அப்படியே வகுப்பறைக்குள் இறங்கியிருப்பது புலப்படும்.

இது எங்கே கொண்டு விடும் என்பதை 2023 ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரி காட்டியது. ஒரு மாணவனை அவனுடன் படித்தவர்களே, ஜாதித் துவேஷத்தால், வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்மேல் சர்க்கார் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு, 2024 ஜூனில் தமது அறிக்கையைக் கொடுத்தார். பள்ளிகளின் பெயரில் ஜாதி கூடாது, ஜாதியைக் காட்டும் வர்ணக் கயிறு கையில் கூடாது, பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அவருடைய யோசனைகளில் சில. அகர வரிசைக்கு ஜாதி தெரியாது என்பது அதன் பெரிய குணம். பெஞ்சுகளை ‘ப’ வடிவில் போட்டுவிட்டால் கடைசி வரிசையே இராது என்ற யோசனையும் 2025-ல் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பேசப்பட்டது. நல்லதுதான். ஆயினும் பெஞ்சை வளைப்பது சுலபம். மனசை வளைப்பது சிரமம். ‘ப’ வடிவத்திலும் தெருவாரியாக உட்கார்ந்துவிட முடியும். ஆகவே வாரத்துக்கு ஒரு முறை இடம் மாற்றுவதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். தண்டனையாக மாற்றினால் பிள்ளை முகம் சுளிக்கும். எல்லாரும் மாறினால் விளையாட்டாக மாறும்.

பெஞ்சுக்கும் முந்தியது பெயர். ஜூன் மாதம் பள்ளி திறந்து ஒரு வாரத்துக்குள் அத்தனை பிள்ளைகளின் பெயரையும், அவர்கள் வீட்டில் உச்சரிக்கிறபடியே, உபாத்தியாயர் நெட்டுருப் போட்டுவிட வேண்டும். உருதுப் பெயரோ தெலுங்குப் பெயரோ நாவில் புரளவில்லை என்று சிரிப்பதும், தெருவின் பெயராலோ தகப்பனாரின் தொழிலாலோ பிள்ளையை அழைப்பதும், ‘நீ இங்கே விருந்தாளி’ என்று சொல்வதற்குச் சமானம். அவ்வாறே, பெண் குழந்தைகளுக்குத் தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை இல்லாத பள்ளி, வாயைத் திறக்காமலே அவர்களை வெளியே போகச் சொல்கிறது.

ஆளுக்கு ஒரு பங்கு

பிள்ளைகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒற்றுமை வந்துவிடுமா? ரயில் வண்டியிலும்தான் பக்கத்தில் உட்காருகிறோம். ஒருவருக்கு ஒருவர் தேவைப்பட வேண்டும். அமெரிக்காவில் டெக்ஸாஸ் ராஜ்யத்து ஆஸ்டின் நகரில் இந்த உண்மையை 1971-ல் சோதித்துப் பார்த்தார்கள். அதுவரையில் தனித்தனியே படித்த வெள்ளையர், கறுப்பர், மெக்ஸிகப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்டதும் சண்டை மூண்டது. எலியட் ஆரன்ஸன் என்ற மனோதத்துவப் பேராசிரியர் ஒரு யுக்தி சொன்னார். பிள்ளைகளைச் சிறு குழுக்களாக்கிப் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்துவிட வேண்டும். ஒவ்வொருவரும் தம் துண்டைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவன் வாயைத் திறக்காவிட்டால் மற்ற ஐவருக்கும் பாடம் முழுமையாகாது. நேற்று வரையில் திக்கிப் பேசியவனைக் கேலி செய்தவர்கள், மறு நாள் அவனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டு விஷயத்தை வாங்கிக்கொண்டார்கள்.

குடியாத்தத்திலே இதற்குப் பாடத்தைத் தேடி அலைய வேண்டாம். பாலாற்றை எடுத்துக்கொள்ளலாம். கர்நாடகத்து நந்தி மலையில் அது பிறக்கும் கதை ஒரு பிள்ளைக்கு. ஆந்திரத்தைக் கடந்து தமிழ்நாட்டுக்குள் நுழையும் வழி இன்னொரு பிள்ளைக்கு. கவுண்டின்ய ஆறும் செய்யாறும் வந்து சேர்வது ஒருவருக்கு. ஏரிகளும் கிணறுகளும் அதை நம்பியிருப்பது ஒருவருக்கு. தோல் சாலைக் கழிவினால் ஆறு கெட்டதும், 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு அதைப் பற்றித் தீர்ப்பளித்ததும் ஒருவருக்கு. கல்பாக்கத்துக்கு அருகே அது கடலைச் சேர்வது ஒருவருக்கு. ஆறு பேர் சேர்ந்தால்தான் ஆறு முழுமையாக ஓடும்! அன்று ஒரு பிள்ளை வராவிட்டால் நதி நடுவழியில் நின்றுபோகும். ‘நான் வராவிட்டால் என்ன நின்றுபோகும்?’ என்ற கேள்விக்குப் பள்ளிக்கூடம் கொடுக்கும் பதில் இதுதான்.

வீட்டுத் தொழிலும் இப்படியே வகுப்புக்குள் மரியாதையோடு நுழையலாம். ஆயிரம் பீடிக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. அறுநூறு சுற்றினால் எவ்வளவு? பாவில் அங்குலத்துக்கு இத்தனை இழை. லுங்கியின் அகலத்துக்கு எத்தனை? ஆவாரம் பட்டையும் கடுக்காயும் தோலை ஏன் அழுகாமல் காக்கின்றன? இந்தக் கேள்விகளுக்கு முன்னால், தோல் வாடை வீசுகிறது என்று மற்றவர்கள் ஒதுக்கிய பையன் திடீரென்று பண்டிதனாகிவிடுவான். 1937-ல் வார்தாவில் காந்திஜி கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்ததன் கருத்தில் ஒரு பகுதி இதுவே. தொழிலைப் பள்ளிக்குள் அழைத்து வருவது வேறு; பிள்ளையைப் பள்ளியிலிருந்து தொழிலுக்கு அனுப்பி வைப்பது வேறு. இந்த வித்தியாசத்தை உபாத்தியாயர்கள் ஒரு கணமும் மறக்கலாகாது. பிள்ளை தானாக முன்வந்து சொன்னால்தான் கேட்க வேண்டும். ‘உன் அப்பா என்ன வேலை செய்கிறார், எழுந்து சொல்’ என்று சபையில் நிறுத்தினால், மரியாதை அவமானமாகிவிடும். பிள்ளை கேட்பது இடம், இரக்கம் அல்ல.

பயம் எல்லோருக்கும் உண்டு

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. ‘எனக்கு மட்டுந்தான் இங்கே பயமாயிருக்கிறது; மற்ற எல்லாரும் சந்தோஷமாயிருக்கிறார்கள்’ என்பது அது. பக்கத்திலிருப்பவனும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறான் என்பது இருவருக்கும் தெரியாது. அமெரிக்காவின் மத்தியப் பகுதியில் ஒரு நகரத்துப் பதினொரு நடுநிலைப் பள்ளிகளில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 1,304 பேரிடம் ஜெஃப்ரி போர்மன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு பரீட்சை செய்து, 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பிள்ளைகளில் ஒரு பாதிப் பேருக்கு, முந்தின வருஷத்துப் பிள்ளைகள் சொன்ன வார்த்தைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். ‘எங்களுக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்தது, போகப் போகச் சரியாகிவிட்டது, உபாத்தியாயர்கள் உதவினார்கள்’ என்பது அவற்றின் சாரம். பிறகு தங்கள் அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சில நிமிஷ வேலை. வருஷத்தின் தொடக்கத்தில் இரண்டே தடவை. மற்றப் பாதியுடன் ஒப்பிட்டபோது, இவர்களிடம் ஒழுங்கு மீறிய புகார்கள் 34 சதவிகிதமும், தேறாத பாடங்கள் 18 சதவிகிதமும் குறைவாயிருந்தன, வருகையும் மேம்பட்டிருந்தது.

அமெரிக்கப் பிள்ளை வேறு, ஆம்பூர்ப் பிள்ளை வேறு என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். அதே எண்கள் இங்கேயும் விழும் என்று ஜோசியம் சொல்ல மாட்டோம். ஆனால் இதற்குச் செலவு என்ன? ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு கடிதம் ஆறாம் வகுப்புக்கு எழுதட்டும். ‘எனக்கும் முதல் மாதம் இங்கிலீஷ் மணி என்றால் வயிற்றைக் கலக்கும்’ என்று ஒரு பிள்ளை மனந்திறந்து எழுதிவிட்டால், அது பத்துப் பிரசங்கத்துக்கு ஈடு. காகிதமும் பென்சிலும் பள்ளியிலேயே இருக்கின்றன.

‘பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இவற்றுக்கெல்லாம் எங்கே போவது?’ என்று உபாத்தியாயர்கள் கேட்கக்கூடும். அவர்கள் தலையில் சுமத்தப்படும் பதிவேடுகளை நினைத்தால் அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் மனம் வெளியே நிற்கும் பிள்ளைக்குப் பாடத்தை முடித்தால் என்ன, முடிக்காவிட்டால் என்ன? அடுப்பு மூட்டும் நேரத்தை மிச்சம் பிடித்துச் சமையல் செய்ய முடியாது.

தலையும் உடலும்

வைகாசி முதல் தேதியன்று குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா நடக்கிறது. அம்மன் சிரசு ஊர்வலமாக வந்து, கோயிலில் உடலோடு பொருத்தப்படுகிறது. ரேணுகா தேவியின் பழங்கதையில், தலை ஒரு குலத்தவளுடையது. உடல் அவளுக்கு அடைக்கலம் தந்த, தாழ்த்தப்பட்ட குலத்தவளுடையது. இரண்டும் சேர்ந்த பிறகுதான் தெய்வம் கண் திறக்கிறது. அதன் பிறகு, ‘எந்தப் பாதி உயர்ந்தது?’ என்று கேட்பாரில்லை, விழுந்து கும்பிடுகிறார்கள். அந்தத் திருவிழா முடிந்து சில வாரங்களில் பள்ளிக்கூடங்கள் திறக்கின்றன. கோயிலில் ஒரு நாள் காணும் காட்சியை வகுப்பறையில் வருஷம் முழுவதும் காண்பது அந்த ஊருக்கு அப்படியொன்றும் புதிதல்ல.

பெற்றோர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மாலையில் பிள்ளை வீடு திரும்பியதும், ‘எத்தனை மார்க்கு?’ என்று கேட்கிறோம். அதோடு இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கும்படி நேயர்களை வேண்டுகிறோம்: ‘இன்று உன் வகுப்பில் யார் வரவில்லை? ஏன் வரவில்லையாம்?’ பிள்ளை திருதிருவென்று விழித்தால், அந்த வகுப்பில் எங்கோ மீதி விழுந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ‘சலீமுக்குக் காய்ச்சல், நாளைக்கு வந்துவிடுவான், அவன் நோட்டை நான்தான் எழுதி வைத்திருக்கிறேன்’ என்று பிள்ளை மளமளவென்று சொன்னால், கவலைப்பட வேண்டாம். அந்தப் பள்ளியில் கணக்குச் சரியாக நடக்கிறது.